பாய்ந்து, பாய்ச்சி

மாலைப் பத்திரிகை ஒன்றில் செய்தி திருத்துவது என் வேலை. நிருபர்கள் அனுப்புவதை வாசித்து, பிழை நீக்கி, தலைப்பு வைத்து, மதியத்துக்குள் பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். பெரிய பத்திரிகை அல்ல. கோயம்புத்தூரையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டினால் எங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்குள் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சலூனிலும் அதைத்தான் புரட்டுகிறார்கள். புரட்டிவிட்டு, திட்டுவதற்கு அலுவலகத்துக்கு ஃபோனும் செய்கிறார்கள்.

அந்தத் திட்டு பெரும்பாலும் ஒரு சொல்லைப் பற்றியதாகவே இருக்கும். சாலையோரக் கடைகளை எடுத்த செய்தியில் ‘அகற்றம்’ என்று போட்டால், “நாங்க என்ன குப்பைங்களா, அகற்றறதுக்கு? இடிச்சாங்கன்னு போடுங்க” என்று கடைக்காரர் ஒருவர் கத்துவார். ‘இடிப்பு’ என்று போட்ட நாளில் அதிகாரியின் குரல் வரும். பொதுவழிக்காக ஒரு தெருவில் இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்றால் அதை ‘தகராறு’ என்பதா, ‘மோதல்’ என்பதா, ‘வாக்குவாதம்’ என்பதா என்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். ‘சர்ச்சை’ மட்டும் எங்களுக்கு ரொம்பவும் சௌகரியம். யார் தொடங்கியது, யார் அடித்தது, யார் அடி வாங்கியது, எதையும் அது சொல்லாது. ‘இரு தரப்பினர்’ அதைவிடச் சௌகரியம்.

எங்கள் செய்தி ஆசிரியர் என் வயதுக்காரர். சத்தம் போடாத மனிதர். “மேடம், செய்தி சூடா இருந்தா வார்த்தையைக் கொஞ்சம் ஆற வெச்சுப் போடுங்க” என்பார். எனக்கு அது நன்றாக வந்தது. சிக்கலான செய்தி எது வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்.

மதியம் வேலை முடிந்தால் கணபதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். கீழே ஒரு லேத் பட்டறை. என் கணவர் நடத்தியது. அவர் போன பிறகு அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பகல் முழுக்க இரும்பு கடைகிற சத்தம் தரை வழியாக மேலே ஏறி வரும். முன்பெல்லாம் அது எரிச்சலாக இருக்கும். இப்போது பட்டறைக்கு லீவு என்றால்தான் வீடு ஒரு மாதிரி இருக்கிறது. காலையில் ஊருக்கே சொற்களை நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தபின் பால்காரரிடம் “சரிங்க” என்பதோடு சில நாள் பேச்சை முடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. டவுன் பஸ் ஏறி, தொண்டாமுத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் அண்ணன் தோட்டத்துக்குப் போவேன். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த வீடுதான். கம்பி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே தோட்டத்து வீடான சாளைக்குள்ளிருந்து, “வா கண்ணு” என்பார். எட்டிப் பார்த்து யாரென்று உறுதி செய்துகொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் வேறு யார் வரப்போகிறார்கள்? அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை என்னைப் பார்த்ததும் சாதத்துக்கு இன்னொரு ஆழாக்கு அரிசி போடப் போய்விடுவார்.

தோட்டத்தில் தென்னையும் நேந்திரன் வாழையும். மலை பக்கத்திலேயே இருப்பதால் யானை வரும். அண்ணன் நெடுங்காலம் யானையை யானை என்று சொன்னதே இல்லை. “சாமி வந்துட்டுப் போயிருக்குது கண்ணு, ரெண்டு தென்னம்பிள்ளை போச்சு” என்பார், விருந்தாளி வந்துபோன மாதிரி. பிறகு குலை தள்ளிய வாழை இரண்டு வருடம் தொடர்ந்து போனது. மூன்றாவது வருடம் “யானை வந்துச்சு” என்றார். அதற்கப்புறம் “அது வந்துச்சு.” இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் வேலைதான். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பத்திரிகையில் ‘தோட்டத்துக்குள் யானை புகுந்தது’ என்று போடுவோம். அதற்கும் ஃபோன் வரும். “அது அதோட வழியில போச்சுங்க. புகுந்தது மனுசன்தான்” என்பார்கள் காட்டுக்காகப் பேசுகிறவர்கள். இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு முகம் சிவந்தது. “அப்பாரு காலத்துப் பட்டா வெச்சிருக்கறேன். நானா புகுந்தேன்?” என்றார். இரண்டும் என் காதில் நியாயமாகத்தான் கேட்டன. அடுத்த முறை ‘யானை வந்தது’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஃபோன் வந்தது.

ஒருமுறை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் வேலியில் யானை இறந்து கிடந்தது. நிருபர் வழக்கம்போல ‘மின்சாரம் பாய்ந்து யானை பலி’ என்று அனுப்பியிருந்தார். உள்ளே படித்தால், வேலிக் கம்பியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்ததை அந்த விவசாயியே ஒப்புக்கொண்டதாக வனத்துறையினர் சொல்லியிருந்தார்கள். நான் ‘பாய்ந்து’ என்பதை அடித்துவிட்டு ‘பாய்ச்சியதில்’ என்று மாற்றினேன். பாய்ந்து என்றால் மின்சாரம் தானாக ஓடிப் போய்க் கொன்றதாக ஆகிறது. பாய்ச்சியதில் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. கை இருந்தது என்று அவரே சொல்லியிருக்கும்போது அதை மறைக்க எனக்கு என்ன உரிமை?

மறுநாள் அவர் மனைவி ஃபோன் செய்தார். திட்டவில்லை. “பாஞ்சுதுன்னு போட்டிருந்தா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?” என்று அழுதார். நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “நீ எழுதுனது சரிதான் கண்ணு. பாய்ச்சுனவனைப் பாய்ச்சுனான்னுதான் சொல்லோணும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரு காலை நான் அலுவலகத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து நிருபர் ஃபோனில் கூப்பிட்டார். வாழைத் தோட்டத்து வேலியில் பெண் யானை ஒன்று செத்துக் கிடக்கிறது, படம் அனுப்புகிறேன் என்றார். படம் வந்தது. யானை ஒருக்களித்துக் கிடந்தது. தும்பிக்கை கம்பிக்கு அந்தப் பக்கம். பின்னால் ஒரு மோட்டார் ரூம் தெரிந்தது. அதன் கதவுக்கு நீலப் பெயின்ட் அடிக்கும்போது மிச்சமிருந்த பெயின்டைச் சுவரில் துடைத்துவைத்தது நான்தான். சுவரில் அந்தத் தீற்றல் இருந்தது.

நிருபருக்கு அது என் அண்ணன் தோட்டம் என்று தெரியாது. “விவசாயி மெயின் லைன்லேர்ந்தே கொக்கி போட்டு எடுத்திருக்காருங்க மேடம். ரேஞ்சர் ஆளுங்க ஒயரைப் பிடிச்சிட்டாங்க. அவரும் ஒத்துக்கிட்டாரு. கைது பண்றாங்க” என்றார். சிறிது நேரத்தில் செய்தி வந்தது. தலைப்பு: மின்சாரம் பாய்ந்து யானை பலி.

நான் அண்ணனைக் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். நங்கையின் நம்பரிலிருந்து.

“கண்ணு, விசயம் வந்துருச்சா?”

“வந்துருச்சுங்கண்ணா.”

“மர்மமான முறையில் இறந்து கிடந்ததுன்னு போட்டுரு. நீங்க அப்படிப் போடறதுதானே.”

“வேலியில கரண்ட் விட்டீங்களாண்ணா?”

ஃபோனில் ஆட்களின் சத்தம் கேட்டது. யாரோ டிராக்டரை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

“அதெல்லாம் ஃபோன்ல பேசற விசயமில்ல. நீ போட்டுரு. மத்தவனுக என்னமோ போட்டுக்கட்டும்” என்றார். வைத்துவிட்டார்.

மர்மம் என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து போய்ச் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். இது என் கூடப் பிறந்தவர் தோட்டம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க மேடம். இதை நான் பாத்துக்கறேன்.”

“என்னன்னு போடுவீங்க?”

“வந்தது வந்தபடி. பாய்ந்துன்னு. எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் வரும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

அது உண்மை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் படி இறங்கித் தெருவுக்கு வந்தேன். டீக்கடையில் நின்றேன். குடிக்க முடியவில்லை. உடுமலைப்பேட்டைக்காரருக்கு ஒரு சொல், என் அண்ணனுக்கு ஒரு சொல்லா என்ற கேள்வி வந்துவிட்டது. ஒருமுறை வந்தபிறகு அதைத் தள்ளிவைக்க வழி தெரியவில்லை. எனக்கு நியாயத்தின் மேல் பெரிய வெறியெல்லாம் கிடையாது. அந்த அம்மாள் அழுத குரல் மட்டும் காதில் இருந்தது. இன்றைக்கு ‘பாய்ந்து’ என்று போனால் அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன விளக்கம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

திரும்பி வந்து, நானே முடித்துத் தருகிறேன், நீங்கள் ஒரு தடவை பாருங்கள் என்றேன். “யோசிச்சுக்குங்க” என்றார் செய்தி ஆசிரியர். யோசித்தேன் என்றேன். ‘வேலியில் மின்சாரம் பாய்ச்சியதில் யானை உயிரிழப்பு: விவசாயி கைது.’ வழக்கம்போலக் கீழே செய்தியில் விவசாயியின் பெயர். அண்ணன் பெயரை அதுவரை நான் அச்சுக்கு அடித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட வேறு யாரோதான் அடித்திருப்பார்கள். செய்தி ஆசிரியர் வாசித்தார். எதையும் மாற்றவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் அலுவலக ஃபோன் ஓயவில்லை. காட்டுக்காகப் பேசுகிறவர்கள், ‘உயிரிழப்பு’ என்ன உயிரிழப்பு, கொலை என்று போடுங்கள் என்றார்கள். விவசாயிகள் தரப்பில், வாழை போனபோது அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதினீர்களா என்று கேட்டார்கள். செய்தி ஆசிரியர் இரண்டு தரப்பின் அறிக்கையையும் ஒரே அளவில் பக்கத்தில் போடச் சொன்னார். தலைப்பில் ‘சர்ச்சை’ என்று நானே வைத்தேன். வேறு என்ன வைப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நங்கை ஃபோனை எடுக்கவில்லை. அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டதைச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கேட்டைத் திறந்தேன். உள்ளிருந்து குரல் வரவில்லை. அண்ணன் சாளைக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். நங்கை ஒரு சேரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன்.

“எல்லாப் பேப்பரும் வாங்கிட்டு வரச் சொல்லிப் பாத்தேன்” என்றார் அண்ணன். “அத்தனையிலயும் பாய்ந்துன்னுதான் போட்டிருக்கறான். உன்ற பேப்பர்ல மட்டும் பாய்ச்சி. வேற எவனாச்சும் எழுதியிருந்தா நான் சட்டையே பண்ணியிருக்க மாட்டேன்.”

“பாய்ச்சுனீங்களா இல்லீங்களாண்ணா?”

அவர் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாய்ச்சுனேன். காட்டுப்பன்னிக்குப் பாய்ச்சுனேன். பேட்டரி வேலி ரிப்பேரு. நாலு நாளைக்குன்னு போட்டேன். சாமி அந்தப் பக்கமா வரும்னு எனக்கென்ன தெரியும்?”

பல வருடம் கழித்து ‘சாமி’ என்ற சொல்லை அவர் வாயால் கேட்டேன்.

“பன்னிக்குப் போட்டதுன்னு நீ எழுதியிருக்கலாமுல்ல?”

“நீங்க சொல்லலீங்களே. மர்மமான முறைன்னுதானே சொன்னீங்க.”

“ஆமா. சொல்லலை” என்றார்.

நான் ரசம் சாதத்தோடு அவர் சொன்னதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அது அவருக்கும் நினைவிருந்தது என்றுதான் நினைக்கிறேன். வேலிப் பக்கம் யானை கிடந்த இடத்தில் மண்ணைப் புதிதாகக் கொத்திவிட்டிருந்தார்கள். நங்கை காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, “வாரேனுங்கண்ணா” என்றேன். தலையை ஆட்டினார். சாப்பிட்டுப் போ என்று நங்கை உள்ளிருந்து வந்து சொல்வார் என்று நினைத்து, செருப்பைப் போடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. கத்தியிருந்தால் ஒருநாள் ஆறியிருக்கும். சொந்தக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று. நான் அந்தச் சொல்லை எத்தனையோ தலைப்புகளில் வைத்திருக்கிறேன். தாசில்தார் இரண்டு கூட்டத்தையும் அழைத்து நடத்துவது பேச்சுவார்த்தை. அது தோல்வியடையும், வெற்றியடையும், ஒத்திவைக்கப்படும். எங்களை யாரும் அழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்டறையும் அன்று லீவு. துணி துவைப்பேன். ஏற்கனவே துடைத்த அலமாரியைத் துடைப்பேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று ஃபோனைச் சமையலறைக்கும் கூடத்துக்குமாகத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒரு முறை என் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உரக்கப் பேசிப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மறு வருடம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு மாலை நங்கை படியேறி வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. “அம்மணி, முன்னாடி நாளே வந்துரோணும்” என்றார். கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் வருத்தம் இருந்தது, ஆனால் உட்காரவில்லை.

“அண்ணன் வரலீங்களா நங்கை?”

“அவிய கார்லதான் இருக்காங்க. இன்னும் நாலு ஊட்டுக்குப் போகோணும்.”

அவர் இறங்கிப் போனபிறகு பால்கனிக்கு வந்து பார்த்தேன். பட்டறை வாசலில் கார் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அண்ணனின் முழங்கை மட்டும் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம்தான். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலில் அண்ணன் வேட்டி சட்டையோடு நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு மில் முதலாளி, அவர் குடும்பம். அடுத்து நான். அண்ணன் எனக்கும் கைகூப்பினார்.

“வாங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணுங்க” என்றார்.

எங்கள் ஊரில் ‘ங்க’ சேர்க்காமல் பேசினால்தான் தப்பு. தெரியாதவரிடமும், கூலிக்கு வருகிறவரிடமும், கோபத்தில் சண்டை போடும்போதும்கூட அதைச் சேர்த்துத்தான் பேசுவோம். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை ‘வா, போ, நீ’ என்று மட்டுமே பேசிய ஒருவர் இருந்தார். அவரும் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என்னை ஒரம்பரையாக்கிவிட்டார். விருந்தாளி என்றால் வந்த சுவடு தெரியாமல் கிளம்பிப் போக வேண்டியவர்தானே. “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அத்தை என்று செய்ய வேண்டிய முறைகளுக்கு நங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். செய்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மணப்பெண் வீட்டுக்காரர். “நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணுங்க?” என்று கேட்டார். அத்தை என்றேன். “அப்படீங்களா” என்று ஆச்சரியப்பட்டார். அதில் தப்பில்லை. நான் தனியாகத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுதியது தவறு என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. மறுபடி அந்தக் காலை வந்தாலும் அதையேதான் போடுவேன். காட்டுப்பன்னியைப் பற்றி அவரிடம் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுப் போடுவேன். சரியாகச் செய்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று சொல்கிறார்களே, அது எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். ஃபோனில் அண்ணன் பெயர் வந்தது. கை ஈரத்தோடு எடுத்தேன்.

“ஒரு சந்தேகமுங்க” என்றார். அடிவாரத்து விவசாயிகள் சேர்ந்து ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார்களாம். காட்டோரம் அகழி வெட்டித் தரச் சொல்லி. “மனுவுல ‘யானைகளின் அட்டகாசம்’னு எழுதியிருக்காங்க. அந்த அட்டகாசம் எனக்குச் சரியாப் படலை. பசிக்கு வருது. அதுக்கு வேற என்ன போடலாமுங்க?”

‘தொல்லை’ என்றேன். “தொல்லைன்னா கொசு மாதிரி இருக்குது” என்றார். ‘ஊடுருவல்’ என்றேன். “அது மிலிட்டரிக்காரனுக்கு.” ‘வருகை’ என்றேன். “மந்திரி வர்ற மாதிரி இருக்குதே.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்த மாதிரி இருந்தது. நான் ‘நடமாட்டம்’ என்றேன்.

“இரு இரு” என்றார், ‘ங்க’ இல்லாமல். “நடமாட்டம். ஆமா, நடக்குது, அவ்வளவுதானே. இதைச் சொல்லு, யானைகளின் நடமாட்டத்தால் பயிர்ச்சேதம். சரியா வருதா?”

“சரியா வருதுங்கண்ணா.”

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “சரிங்க, வெச்சர்றேனுங்க” என்றார். வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நானும் நங்கை எப்படி இருக்கிறார் என்று கேட்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அன்று ஒருத்திக்காகச் சமைக்க அலுப்பாக இருந்தது. தெருமுனைக் கடைக்கு இட்லி மாவு வாங்கப் போனேன். கடையில் இருந்த பெண், “என்னங்கக்கா, தானா சிரிச்சுக்கறீங்க?” என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

“எங்கண்ணன் ஃபோன் பண்ணியிருந்தாருங்க” என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் அதில் அவளுக்கு ஒரு செய்தியும் இல்லை. மாவுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு என்னங்க?” என்று கேட்டாள்.